அயர்லாந்துப் பாட்டிகளின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தில் எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்ட பெண்களிடம் உட்கார்ந்து வாழ்க்கைக் கதையைக் கேட்பது, அதைப் பதிவு செய்வது, பிறகு அவர்களையே ஊர்க்காரர்கள் முன் சொல்ல வைப்பது. இந்த மூன்று வேலைகளுக்குமான வழிகாட்டி இது. இங்கே குடியேறி, நூலகத்திலோ முதியோர் பகல்நேர மையத்திலோ தன்னார்வலராகச் சேரும் நம்மவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு யாருக்கும் இது பொருந்தும்.

ரெக்கார்டர் வாங்கி இயக்குவதுதான் இதில் சுலபமான பகுதி. வேலை கெடுவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். முதல் நாளே மைக்கை நீட்டுவார்கள், முதல் கேள்வியே பெரிய கேள்வியாக இருக்கும், எல்லா உரிமைக்கும் ஒரே தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. பதிவு கடைசியில் எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பதிவு செய்துவிட்டு அதற்கு இடம் தேடுவது வழக்கமான தவறு. நூலகமோ ஆவணக் காப்பகமோ தன்னுடைய படிவத்தில் கையெழுத்து, தனக்கு ஒத்துவரும் கோப்பு வடிவம், குறிப்பிட்ட விவரங்கள் எல்லாம் கேட்கும். வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து 91 வயது அம்மாவிடம் புதுப் படிவத்தோடு போய் நிற்க முடியாது. அவருக்கு உங்களை ஞாபகம் இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கவுண்டி நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு. கார்க்கில் இருப்பவர்களுக்கு, வாய்மொழி வரலாறு சேகரிக்கும் கார்க் ஃபோக்லோர் ப்ராஜெக்ட் 1996 முதல் இருக்கிறது. நாடு தழுவிய பெரிய சேகரிப்பு டப்ளினில், யுசிடி (யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின்) பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நாட்டுப்புறவியல் சேகரிப்பு. ஓரல் ஹிஸ்டரி நெட்வொர்க் ஆஃப் அயர்லாந்து என்ற அமைப்பின் நெறிமுறைகளையும் படித்துவிடுங்கள். ஒரு மாலை போதும்.

வீட்டோடு வைத்துக்கொள்ளத்தான் என்றாலும் சரி. ஆனால் ஐந்தாம் படியை அப்போதும் தாண்டக் கூடாது.

2. அவர் வாழ்ந்த காலத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

நம் அறிவைக் காட்டிக்கொள்வதற்கு இல்லை இது. அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரியில் எத்தனை பெரிய விஷயம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த கேள்வி வரும்.

எடுத்துக்காட்டாக, 1938-ல் கிராமத்தில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1947-ன் பெரும்பனி விழுந்தபோது அவருக்கு எட்டு, ஒன்பது வயது. 14 வயதில் சட்டப்படி பள்ளியை விட்டிருக்கலாம். இலவச உயர்நிலைக் கல்வி 1967-ல்தான் வந்தது, அதற்கு முன் கட்டணம். மாதா ஆண்டான 1954-ல் அவருக்கு 16. ஊர் ஊராகச் சாலையோரம் மாதா சிலை வைத்த வருடம் அது. ஐம்பதுகளில் நாட்டை விட்டு ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள். அவரோ அவர் அக்காளோ அதில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அரசுப் பணியில் இருந்து கல்யாணம் செய்திருந்தால் வேலையை விட்டிருப்பார். திருமணமான பெண்களுக்கு இருந்த அந்தத் தடை 1973-ல்தான் நீங்கியது. ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு மட்டும் அது 1934-ல் வந்து 1958-ல் போனது. 1944-ல் தொடங்கிய குழந்தைகள் உதவித்தொகை அப்பாவின் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் கைக்கு மாறியது 1974-ல். கருத்தடைச் சாதன விற்பனைக்கு 1935-ல் வந்த தடை 1979-ன் சட்டத்தில்தான் தளர்ந்தது. விவாகரத்துக்கு வழி 1995 வாக்கெடுப்புக்குப் பிறகு.

இந்த ஆண்டுகளை அவரிடம் ஒப்பிக்காதீர்கள். வயதானவர்களுக்கு ஆண்டு நினைவில் நிற்காது, நிகழ்ச்சி நிற்கும். "அது 1956-ஆ 57-ஆ?" என்று கேட்டால் திணறுவார். "உங்க வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகா, முன்னாலயா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். கிராம மின்மயமாக்கல் 1946-ல் தொடங்கி எழுபதுகள் வரை ஊர் ஊராக நடந்தது. அவருடைய ஊருக்கு விளக்கு வந்த ஆண்டு நூலகத்தில் கிடைக்கும். தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய 1961 டிசம்பர் 31, கென்னடி வந்த 1963 ஜூன், போப் வந்த 1979 செப்டம்பர் இவையும் நல்ல கொக்கிகள்.

அப்புறம் ஒரு தந்திரம். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பெரியவர்களிடம் கதைகள் எழுதி வாங்கினார்கள். அந்த நோட்டுகள் டூகஸ் (duchas.ie) இணையதளத்தில் பள்ளி வாரியாக இலவசமாக இருக்கின்றன. அவர் படித்த பள்ளியின் ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். எழுதிய பிள்ளை அவருடைய பெரியப்பா மகளாகவே இருக்கலாம். கேள்வித்தாள் செய்யாத வேலையை அந்த ஒரு பக்கம் செய்துவிடும்.

3. ஆளைத் தேடுங்கள், பெயர் பெற்ற கதைசொல்லியைத் தேடாதீர்கள்

ஊரில் விசாரித்தால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். பத்துத் தடவை பேட்டி கொடுத்து மெருகேறிய கதைகள் அவரிடம் இருக்கும். அவரை விட்டுவிடச் சொல்லவில்லை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் தொடங்கினால் மற்றவர்கள் "அவ மாதிரி எனக்குச் சொல்ல வராது" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

கிராமப் பெண்கள் சங்கமான ஐரிஷ் கன்ட்ரிவிமன்ஸ் அசோசியேஷனின் உள்ளூர்க் கிளை, ஓய்வு பெற்றோர் சங்கம், பகல்நேர மையம், பங்குக் கோயிலில் பூ அலங்காரம் செய்பவர்கள் என்று தேடுங்கள். செய்திமடலில் விளம்பரம் கொடுப்பதை விட, அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் "இவங்க நல்லவங்க" என்று கூட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

எல்லோரும் முதலில் சொல்லும் பதில், "என்கிட்ட என்ன கதை இருக்கு, பெருசா ஒண்ணும் இல்லையே." இதற்கு "உங்கள் வாழ்க்கை மிக முக்கியமான வரலாறு" என்று புதியவர்கள் பதில் சொல்வார்கள். அந்த அம்மா இன்னும் சுருங்கிப்போவார். "வெண்ணெய் கடைந்த ஆள் யாராவது இருக்காங்களான்னு தேடிட்டிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். தான் முக்கியமானவர் என்பதை நம்பத்தான் அவர்களுக்குச் சிரமம். வெண்ணெய் கடைந்தது தெரியும்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்பது இங்கே பலம். உள்ளூர்ப் பெண்ணிடம் "அதான் உனக்கே தெரியுமே" என்று தாண்டிப் போவதை உங்களுக்கு விளக்கிச் சொல்வார்கள். சதுப்பு நிலத்தில் டர்ஃப் (அடுப்பெரிக்கும் கரிமண்) வெட்டி, காயவைத்து, வீடு கொண்டுவந்து சேர்க்கும் வேலையில் பெண்களின் பங்கு என்ன என்று நீங்கள் உண்மையாகவே தெரியாமல் கேட்கலாம். பலவீனமும் உண்டு: இடப்பெயர்கள் காதில் விழாது. ஒவ்வொரு டவுன்லேண்டின் (ஊருக்குள் இருக்கும் சிறு நிலப்பிரிவு) பெயரையும் அன்றே லோகனிம் (logainm.ie) என்ற இடப்பெயர்த் தளத்தில் சரிபாருங்கள்.

ஆண் சேகரிப்பாளர் தனியாகப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பிரசவம், பிரசவத்துக்குப் பின் கோயிலில் நடந்த சடங்கு, இழந்த குழந்தை பற்றியெல்லாம் ஓர் ஆணிடம் அந்தத் தலைமுறை வாய் திறக்காது. அந்தக் காலத்தில் அரசு அமைத்த ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையத்தின் முழுநேரச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் சேகரிப்பில் எது குறைவு என்று பார்த்தாலே காரணம் புரியும்.

4. முதல் சந்திப்பில் ரெக்கார்டரை வெளியே எடுக்காதீர்கள்

முதல் நாள் டீக்கு மட்டும். டீ வேண்டுமா என்று கேட்டால் ஒருமுறை வேண்டாம் என்பதும், அவர் வற்புறுத்தியதும் வாங்கிக்கொள்வதும் இங்கத்திய மரியாதை. நமக்குப் புதிது இல்லை.

அவரே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும் வரை "மிஸஸ்" என்றே கூப்பிடுங்கள். பிறந்த வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள்.

நேரத்தை அவரே முடிவு செய்யட்டும். காலைப் பூசை, பிங்கோ, நர்ஸ் வரும் நாள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். உள்ளூர் ரேடியோவில் மரண அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். அதைக் கேட்காமல் எந்தப் பேச்சும் ஓடாது.

மகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பதிவு நாளில் அவர்கள் அடுத்த அறையில் இருந்தால் நல்லது. "அம்மா, அது அப்படி இல்லையே" என்று ஒரு குரல் குறுக்கே வந்தால் கதை அங்கேயே நின்றுவிடும்.

5. சம்மதம்: இரண்டு தாள், இரண்டு வேறு நாள்

எல்லா இடத்திலும் தவறாக நடப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

பதிவு செய்யலாம் என்பதற்கு ஒரு தாள். அதைப் பதிவுக்கு முன் வாங்குங்கள். பதிவை என்ன செய்யலாம் என்பதற்கு இன்னொரு தாள். அவர் தன் குரலைத் திரும்பக் கேட்ட பிறகே அதை வாங்க வேண்டும். என்ன சொல்லப்போகிறோம் என்றே தெரியாத ஒருவரிடம் அதை வெளியிடும் உரிமையை எழுதி வாங்குவது முறையில்லை. இரண்டாம் தாளில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும்: குடும்பத்துக்கு மட்டும், நூலகத்தில் நேரில் கேட்க, இணையத்தில், கூட்டத்தில் மற்றவர் எடுத்துச் சொல்ல, பெயரோடு, பெயரில்லாமல், இத்தனை ஆண்டு கழித்து.

இதில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உண்மைச் சம்பவங்கள். பாஸ்டன் கல்லூரிக்காக 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் எடுத்த பதிவுகளில், அவர்கள் இறக்கும் வரை எதுவும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2011-ல் நீதிமன்ற ஆணைகள் வந்தன. வழக்காடியும் சில பதிவுகள் போலீஸ் கைக்குப் போயின. சட்டத்துக்கு மேலான ரகசியத்தை உங்களால் தர முடியாது, தருவதாகச் சொல்லவும் கூடாது.

இரண்டாவது, கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்களை வைத்திருந்த தாய்-சேய் இல்லங்களை விசாரித்த அரசு ஆணையம். அதன் ரகசியக் குழு முன் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். 2021 ஜனவரியில் அறிக்கை வந்ததும், நாங்கள் சொன்னது இதில் இல்லை என்று பல பெண்கள் சொன்னார்கள். ஒலிப்பதிவுகளோ அழிக்கப்பட்டிருந்தன, பிறகு பேக்கப் நாடாக்களிலிருந்து மீட்டெடுத்தார்கள். சொன்னவருக்குத் திரும்பப் போட்டுக் காட்டும் படி ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மூன்று சட்ட விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, குழந்தைகளுக்கோ பலவீன நிலையில் உள்ளவர்களுக்கோ இழைக்கப்பட்ட கடுங்குற்றம் பற்றிய தகவலைத் தக்க காரணமின்றி மறைப்பது 2012-ன் சட்டப்படி குற்றம். அதனால் "நமக்குள்ளேயே இருக்கும்" என்று சொல்லாதீர்கள். இரண்டு, தொழிற்பள்ளி (ஏழை, ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருந்த இல்லம்) போன்ற இடங்களில் வளர்ந்து, அங்கே பட்ட கொடுமைக்காக இழப்பீடு வாரியத்துக்கு விண்ணப்பித்தவர், அந்த விண்ணப்பம், கிடைத்த தொகை ஆகிய விவரங்களை வெளியிட 2002-ன் சட்டத்தில் தடை உண்டு. தன் வாழ்க்கையைச் சொல்வது வேறு, அதற்குத் தடை இல்லை. தொகையைப் பற்றி மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். மூன்று, உயிரோடு இருக்கும் மூன்றாம் மனிதரைப் பற்றிய பேச்சு. தரவுப் பாதுகாப்பு, அவதூறு இரண்டு சட்டங்களும் அங்கே வரும். பதிவில் இருக்கட்டும், பொதுப் பிரதியில் எடுத்துவிடுங்கள்.

ஞாபக மறதி தொடங்கியவரிடம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சம்மதம் கேளுங்கள். நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் இன்றைய பதில்தான் செல்லும்.

6. அறையையும் கருவியையும் தயார் செய்யுங்கள்

கையடக்க ரெக்கார்டர், ஒரு காலர் மைக், ஹெட்போன், மாற்று பேட்டரி, மாற்று மெமரி கார்டு. போன் இரண்டாவது பேக்கப்பாக இருக்கலாம். வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஒரு மணி நேர மோனோ பதிவு சுமார் 520 எம்பி, ஸ்டீரியோ என்றால் ஒரு ஜிபிக்குச் சற்று மேல். எம்பி3-யில் எடுத்தால் இடம் மிச்சமாகும், பின்னால் காப்பகம் முகம் சுளிக்கும்.

இங்கே எல்லாப் பேச்சும் சமையலறையில்தான் நடக்கும். அங்கேதான் சத்தமும் அதிகம்: ரேஞ்ச் அடுப்பு படபடக்கும், சுவர்க்கடிகாரம், நாய், ஃப்ரிட்ஜ். வரவேற்பறைக்கு மாற்றலாமா என்று கேட்காதீர்கள். அது விருந்தாளிக்கும் பாதிரியாருக்கும் திறக்கும் அறை, அங்கே உட்கார்ந்தால் பேச்சும் விறைத்துவிடும். சமையலறையிலேயே மேசை மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டு ரெக்கார்டரை அதன் மேல் வையுங்கள், கப் வைக்கும் சத்தம் ஏறாது. அனுமதி கேட்டு ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு உங்கள் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் வீடு போய்ச் சேர முடியாது.

மூச்சிரைப்பும் காது மந்தமும் இருப்பவர்களின் குரல் திடீரென்று ஏறி இறங்கும். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வைத்தால் சிரிப்பில் உடையாது. தொடக்கத்தில் தேதி, ஊர், இருவர் பெயர் சொல்லிப் பதிவு செய்து, ஹெட்போனில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். இந்த அரை நிமிடச் சோதனையைத் தாண்டியவர்கள்தான் வெறும் இரைச்சலோடு திரும்பி வருகிறார்கள்.

7. இடத்தில் தொடங்குங்கள், உணர்ச்சியில் தொடங்காதீர்கள்

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு இரண்டு நிமிடப் பதில்தான் வரும்: பிறந்தேன், வேலைக்குப் போனேன், கட்டிக்கொண்டேன், ஆறு பிள்ளைகள். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் அவர் முடித்துவிட்ட மனநிலையில் இருப்பார்.

"நீங்க பிறந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தா இடது கைப் பக்கம் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். கண் தானாக அந்த வீட்டுக்குள் போகும். அடுப்பு, தண்ணீர் வாளி, யார் எங்கே படுத்தார்கள், எத்தனை பேர் ஒரு கட்டிலில் என்று ஒவ்வொன்றாக வரும். அந்த வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஆட்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: வீடு, வேலை, பணம், ஆட்கள், பிறகு கடினமானவை, கடைசியில் மறுபடி இலேசான ஒன்று. வேலைக்குப் பின் பணத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. கோழி முட்டை விற்ற காசு யாருடையது, இங்கிலாந்திலிருந்து அக்காள் அனுப்பிய மணியார்டரை யார் பிரித்தார்கள், குழந்தைகள் உதவித்தொகையை வாங்க யார் தபால் நிலையம் போனார்கள் என்று கேட்டால், அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருந்தது என்பது கேட்காமலே தெரியும். "உங்க வீட்டுக்காரர் எப்படி?" என்று நேராகக் கேட்டால் "நல்ல மனுஷன், பாவம்" என்பதோடு நின்றுவிடும்.

விடையை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். கல்யாணத்துக்காகத் தபால் துறை வேலையை விட்ட ஒருவரிடம், பயிற்சிக்கு வந்த பெண் "ரொம்ப வருத்தமா இருந்திருக்குமே?" என்றார். "இல்லை, எல்லாருக்கும் அதுதான் விதி" என்று முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி நாள் அந்தக் கவுன்டர்ல என்ன பண்ணீங்க?" என்று கேட்டதும் கதை திறந்தது. ஸ்டாம்ப் டிராயரை எண்ணியது, கணக்கு மூன்று பென்ஸ் இடித்தது, இரண்டாவது தடவை எண்ணியது, சாவியை ஒப்படைத்தது, அடுத்த திங்கள்கிழமை பழக்கத்தில் சீக்கிரம் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தது. வருத்தம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

அவர் நிறுத்தினால் நீங்கள் பேசாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பழகாதவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது, அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நல்ல வரி பெரும்பாலும் மௌனத்துக்குப் பின்னால்தான் இருக்கும். "ஆமா, ஆமா" என்று வாயால் சொல்வதற்குப் பதில் தலையாட்டுங்கள். உங்கள் குரல் அவர் குரல் மேல் ஏறினால் பிறகு பிரிக்க முடியாது.

பொருள் ஏதாவது கேட்டு வாங்குங்கள். பிஸ்கட் டப்பாவில் ரேஷன் புத்தகம், இறந்தவர் நினைவு அட்டைகள், அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம் இருக்கும். பொருளைப் பார்த்துப் பேசும்போது "இதோ இது" என்று காட்டுவார். பதிவில் கண் கிடையாது. "அந்தச் சின்ன மர அச்சு, வெண்ணெய் மேல் பூப் போட்டது, அதுவா?" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஐரிஷ் மொழிப் பகுதியில் வளர்ந்தவர் பாதியில் அந்த மொழிக்கு மாறினால் தடுக்காதீர்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். எழுத அப்புறம் ஆள் கிடைப்பார்.

ஒரு அமர்வு 60 முதல் 75 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அவர் இன்னும் பேசத் தயாராக இருக்கும்போதே நிறுத்தினால் அடுத்த முறை அவரே எதிர்பார்த்திருப்பார்.

8. கடினமான இடம் வந்தால்

கன்னியாஸ்திரிகள் நடத்தி, பெண்களை அடைத்து வைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கிய மாக்டலின் சலவைக்கூடங்களில் கடைசியானது மூடியது 1996-ல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013-ல். அதனால் நீங்கள் சந்திக்கும் பெண்களில் அங்கே இருந்தவர், தங்கையை அங்கே விட்டவர், கல்யாணமாகாமல் பெற்ற குழந்தையைத் தத்துக்குக் கொடுத்தவர் இருக்கலாம். கணவரிடமும் சொல்லாத விஷயமாக இருக்கலாம்.

நீங்களாகத் தோண்டாதீர்கள், அவர் தொட்டால் விலகிப் போகவும் வேண்டாம். "நிறுத்தட்டுமா, ஓடட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் ரெக்கார்டரை அவர் பார்க்கும்படி அணையுங்கள். அழுதால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டாம். பலர் அழுதுகொண்டே தொடர விரும்புவார்கள்.

அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. ரெக்கார்டரை மூடிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் சாதாரணப் பேச்சு. மறுநாள் போன். தேவைப்பட்டால் அவருடைய டாக்டர், அல்லது எந்நேரமும் எடுக்கும் சமாரிட்டன்ஸ் 116 123 எண்ணை எழுதிக் கொடுங்கள். நீங்கள் ஆலோசகர் இல்லை, ஆக முயலவும் வேண்டாம்.

9. அன்றிரவே செய்ய வேண்டியவை

கார்டிலிருந்து கோப்பைக் கணினிக்கும், வேறொரு வெளி டிஸ்குக்கும், வேறு இடத்தில் இன்னொரு பிரதிக்கும் எடுங்கள். மூன்றும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், கவுண்டி, வரிசை எண் போதும். முழுப் பெயரைப் போட்டால் பெயரில்லாப் பிரதி கேட்டவருக்குச் சிக்கல்.

அதோடு ஒரு பக்கக் குறிப்பு: அறை எப்படி இருந்தது, யார் வந்து போனார்கள், ரெக்கார்டர் அணைத்த பிறகு என்ன சொன்னார். கடைசியில் உள்ளது அவர் அனுமதி இல்லாமல் எங்கும் போகக் கூடாது.

10. எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஆள் இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன பேச்சு என்று நேரக் குறிப்போடு சுருக்கம் எழுதுங்கள், அதுவே போதும்.

தானியங்கி மென்பொருள் அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைப் பாட்டிகளின் உச்சரிப்பில் தடுமாறும். இடப்பெயர்களை நாசம் செய்துவிடும். அதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆங்கிலத்தின் அமைப்பே தனி, பள்ளி இலக்கணத்துக்குத் திருத்தாதீர்கள். திருத்திவிட்டுக் காட்டினால் "நான் இப்படிப் பேசவே மாட்டேன்" என்பார், நியாயம்தானே.

11. பதிவைக் கதையாக்கி, அவரையே சொல்ல வையுங்கள்

பலர் பத்தாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்கில் கிடக்கும் பதிவை யாரும் தேடி வந்து கேட்பதில்லை. ஒரு கூட்டத்தில் கேட்ட கதையை வீட்டுக்குப் போய் நான்கு பேரிடம் சொல்வார்கள்.

முதலில் அவரோடு உட்கார்ந்து பதிவைக் கேளுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் மாறுகிறது, எங்கே சிரிக்கிறார் என்று பாருங்கள். அங்கேதான் சொல்லத்தக்க கதை இருக்கும். ஒரு மணி நேரப் பேச்சில் ஏழெட்டு நிமிடக் கதை ஒன்று கிடைத்தால் போதும். எது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் தாளில் கையெழுத்து வாங்கும் நாளும் இதுதான்.

எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். கண்ணாடியைத் தேடுவதில் பாதி உயிர் போய்விடும், குரலும் பள்ளிக்கூடக் குரலாகிவிடும். நான்கைந்து காட்சிகளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டப்ளின் பக்கத்து டன் லேரி துறைமுகத்தில் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறிய கதை என்றால்: அட்டைப் பெட்டி கட்டிய கயிறு, அப்பா ரயிலடியில் பேசாமல் நின்றது, கப்பலில் பக்கத்தில் வாந்தி எடுத்த பெண், ஹோலிஹெட்டில் இறங்கிய இருட்டு. காட்சி வரிசை நினைவில் இருந்தால் சொற்கள் தானே வரும். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், நடுவில் ஒவ்வொரு முறையும் மாறட்டும்.

முதலில் இரண்டு தோழிகள் முன் சொல்லட்டும், பிறகு ஏழெட்டுப் பேர் கொண்ட வட்டம், அதற்குப் பிறகே நூலக நிகழ்ச்சி. நேராக மேடையில் ஏற்றினால் ஒருமுறையோடு வேண்டாம் என்றுவிடுவார்கள். வட்டத்தில் ஒருவர் கதை இன்னொருவர் கதையைக் கிளப்பும். "எங்க வீட்டிலயும் அப்படித்தான்" என்று ஆரம்பிக்கும் கதைகளைக் குறித்து வைத்து அவர்களைத் தனியாகப் போய்ப் பாருங்கள்.

கூட்டம் தோற்பது பெரும்பாலும் வண்டி இல்லாததால். கிராமப் பகுதியில் லோக்கல் லிங்க் பஸ் நேரத்தைப் பார்த்து வையுங்கள், இல்லையேல் யார் யாரை அழைத்து வருவார் என்று பட்டியல் போடுங்கள். குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்கு முன் முடியுங்கள். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கட்டும், கழிவறை பக்கத்தில் இருக்கட்டும், காது கேட்கும் கருவிக்கான லூப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். டீ இடையில் வேண்டாம், கடைசியில். இடையில் வைத்தால் திரும்ப உட்கார வைக்க முடியாது.

இனி அவர் கதையை வேறொருவர் சொல்வது. பேத்தியோ நீங்களோ சொல்லலாம், கட்டத்தில் டிக் இருந்தால். "நான்" என்று சொல்லாமல் "இவர் எனக்குச் சொன்னது" என்று தொடங்குங்கள். அவர் குரலையும் உச்சரிப்பையும் நடித்துக் காட்டாதீர்கள். ஊரே சிரிக்கும், அவர் மட்டும் சிரிக்க மாட்டார். நடக்காத ஒன்றைச் சுவைக்காகச் சேர்க்காதீர்கள். முதல் தடவை அவர் முன்னிலையில் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார், பெரும்பாலும் உரக்க.

12. ஒப்படைப்பும் அதற்குப் பிறகும்

முதல் படியில் பேசி வைத்த காப்பகத்துக்கு முழுப் பதிவு, பொதுப் பிரதி, சுருக்கம், இரண்டு தாள்கள், அறைக் குறிப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். பேசிய சொற்களின் உரிமை பேசியவருக்கு, ஒலிப்பதிவின் உரிமை எடுத்தவருக்கு. இரண்டையும் யாருக்கு, எந்த அளவுக்குக் கொடுக்கிறோம் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேசியவர் இறந்து 70 ஆண்டு வரை யாரும் துணிந்து பயன்படுத்த மாட்டார்கள்.

குடும்பத்துக்குப் பென் டிரைவில் ஒரு பிரதி, அவருக்குக் கேட்க வசதியான வடிவில் ஒன்று. பலர் வீட்டில் இன்னும் சிடி பிளேயர்தான், சிடியில் கொடுத்துவிடுங்கள். குடும்பப் பிரதியில் எது இருக்கக் கூடாது என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில்.

அவருக்குப் பிறகு முடிவெடுப்பவர் யார் என்று ஒரு பெயர் எழுதி வாங்குங்கள். மூத்த மகன்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்; பலர் மருமகளையோ லண்டனில் இருக்கும் அக்காள் மகளையோ சொல்வார்கள். மனம் மாறி "அதை எடுத்துவிடு" என்று அவர் எப்போது சொன்னாலும் எடுக்க வேண்டியிருக்கும். யாருக்கு, எந்தப் பிரதி, எந்தத் தேதியில் போனது என்ற பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதி வந்தால்தான் அது முடியும்.